தலை உடைந்த ஏழு

எங்கள் லித்கோ ஊரில் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பேரைக் கண்டால் உதறல். ஒருவர் லைசென்ஸ் பார்க்க வரும் போலீஸ்காரர். இன்னொருத்தி வெர்னா ஹோல்டவே. போலீஸ்காரராவது காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். வெர்னா பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தினாள் என்றால், 'ஒரு ஸ்க்ரூகூட மாறலை' என்று சத்தியம் செய்த ஆம்பளை முகத்தில் ஈயாடாது.

"உன் துப்பாக்கி அசல்தான் சிசில். அஞ்சு துப்பாக்கியோட அசல்" என்பாள்.

வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷம் பள்ளிக்கூடக் கேன்டீனில் 'பை' என்ற இறைச்சிப் பலகாரம் சுட்டவள். வாழ்க்கையில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனால் உலகப்போரில் எங்கள் பக்கத்தில் செய்த துப்பாக்கியைக் கையில் கொடுத்தால், எந்த உறுப்பு கூடப் பிறந்தது, எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. போர்க்காலத்தில் லித்கோ தொழிற்சாலையில் மட்டும் எல்லாவற்றையும் செய்து மாளவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் பட்டறை வைத்துச் சின்னச் சின்ன உறுப்புகளைச் செய்து அனுப்பினார்கள். ஒவ்வொரு பட்டறையும் தன் ஊர் எழுத்தைப் பொறித்தது. ஆகவே ஒரு துப்பாக்கியில் நாலு ஊர் எழுத்து இருந்தால் அதுதான் சரி. நம் ஆட்களுக்கு இது மண்டையில் ஏறினால்தானே! எல்லாம் ஒரே எழுத்தாக இருக்க வேண்டுமென்று, பிறந்ததிலிருந்து கூட இருந்த உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ வாங்கிவந்ததை மாட்டுவார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

"சண்டை நடக்குறப்போ எவன்யா ஜோடி பாத்துக்கிட்டு இருந்தான்?" என்று வெர்னா கத்துவாள். அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய அம்மா ஊனா, போர்க்காலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரின் பட்டறையில் பரிசோதகர். (ஊர்ப் பெயர்தான் ஆரஞ்ச், விளைவதெல்லாம் ஆப்பிள். ஏன் என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள்.) செய்து வரும் குறிபார்க்கும் தகட்டை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் தன் எண்ணை அதில் குத்த வேண்டும். ஊனாவின் எண் இருபத்தேழு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முத்திரை உளியைச் சிமெண்டுத் தரையில் போட்டு, ஏழின் தலையில் ஒரு மூலையை உடைத்துவிட்டாளாம். மேஸ்திரி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். போர்க்காலத்தில் புது உளிக்கு எங்கே போவது? மூன்று வருஷமும் தலை உடைந்த ஏழுதான்.

வெர்னாவுக்கு ஒன்றரை வயதாகும்போது ஊனா போய்ச்சேர்ந்தாள். இரண்டு கோடை கழித்துக் காட்டுத்தீ வந்து வீட்டைத் தின்றது. ஒரு போட்டோ, ஒரு சட்டை, ஒரு சீப்புகூட மிஞ்சவில்லை. அப்பா அதிகம் பேசாதவர். ஒரு கிறிஸ்துமஸ் அன்று இரண்டு பீர் உள்ளே போனபின் இந்த உளிக் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். அம்மா என்றால் வெர்னாவுக்கு அந்த உடைந்த ஏழுதான்.

அதைத்தான் முப்பத்தொரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடிக்குள் நுழைந்துவிட்டால் அவளுக்கு இந்த உலகம் மறந்துபோகும். இரும்பின் கருநீலம் விடியலுக்கு முந்தைய வானமாக விரியும். அதன் நடுவே பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள், தலையில் துணி கட்டிக்கொண்டு, எண்ணெய் மணத்துக்குள் குனிந்திருப்பார்கள். யாரோ முணுமுணுவென்று பாடுவார்கள். வரிசையின் கோடியில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். அவள் திரும்பப்போகிற சமயம் பார்த்து எந்தப் பாவியாவது, "டீ வேணுமா வெர்னா?" என்று கேட்டுத் தொலைப்பான்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கண்காட்சி மைதானத்துக் கூடத்தில் சேகரிப்பாளர்களின் போட்டி நடந்தது. வெளியே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். முற்றிலும் அசலான துப்பாக்கிக்கு முதல் பரிசாக நீல ரிப்பன். நடுவர் மூன்று மணிக்கு வருவார். இரண்டரைக்கு, கௌராவில் கோதுமை லாரி ஓட்டும் லிண்ட்சே க்ரோக்கர் தன் துப்பாக்கியை அவள் மேஜையில் கிடத்தினார்.

"டாக்டரம்மா, என் பொண்ணைக் கொஞ்சம் பாரேன். எல்லாம் லித்கோ எழுத்து. பின்னால குறி பாக்குற தகடு மட்டும் ஆரஞ்ச். எவனோ மாத்திட்டான் போல. சரியானதைக் கையோட கொண்டாந்திருக்கேன்." சட்டைப் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு, ரெண்டு நிமிஷத்துல தட்டி எடுத்துடறேன். அந்தப் பழசு எனக்கெதுக்கு? நீயே வச்சுக்க."

வெர்னா குனிந்தாள். தகட்டின் அடியோரத்தில் இரண்டு. பக்கத்தில் ஏழு. ஏழின் தலையில் ஒரு மூலை இல்லை.

கூடத்தின் சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் போனதுபோல அமுங்கியது. அந்தப் பெண்கள் வந்தார்கள். எண்ணெய் மணம் வந்தது. கோடியில் இருந்தவள் உளியை நிறுத்திப் பிடித்துச் சுத்தியலால் ஒரே தட்டுத் தட்டினாள். வெர்னாவின் கண்ணில் நீர் முட்டிக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். இப்போது பார்த்தது அந்தத் தகட்டைத் துப்பாக்கியோடு பிணைக்கும் ஆணியை. ஆணியின் தலைமேல் பூசிய கறுப்பு ஒரு கீறலும் இல்லாமல் இரும்போடு இரும்பாக ஓடியிருந்தது. முதல் நாளிலிருந்து அந்த ஆணியை ஒருவரும் தட்டியதில்லை. தகடு இந்தத் துப்பாக்கியோடு பிறந்தது.

அந்த ஆணி விஷயம் அந்தக் கூடத்தில் வேறு எவனுக்கும் தெரியாது. 'தப்பு' என்று ஒரு வார்த்தை போதும். அம்மா இன்றைக்கு ராத்திரி அவள் தலைமாட்டில் இருப்பாள். லிண்ட்சேக்கும் சந்தோஷம், நடுவருக்கும் சந்தோஷம். யாருக்கு என்ன நஷ்டம்? சத்தியமாகச் சொல்கிறேன், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அவளுக்கும் வாய்வரை வந்தது. 

"என்னம்மா, சீக்கிரம். சுத்தியல் எடுக்கட்டுமா?"

"எடுத்தே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் வெர்னா. "தகடு சரி. பொறந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கு."

"நிச்சயமா?"

"எங்கம்மா குத்தின முத்திரை லிண்ட்சே அது."

பிறகு எல்லாம் வந்துவிட்டது. உளி, தீ, பீர் குடித்த அப்பா, முப்பத்தொரு வருஷம். சொல்லிக்கொண்டே சிறுபிள்ளைபோல மூக்கை உறிஞ்சினாள். லிண்ட்சே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் சுத்தியலையும், ஆணியைத் தட்டி எடுக்கும் கம்பியையும் அவள் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்க. ரிப்பன் கெடக்கு கழுதை. நான் வேறதை மாட்டிக்கிறேன், ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

அவர் மனசாரத்தான் சொன்னார். வெர்னா சுத்தியலைக் கையில் எடுத்தாள். கனம் பார்ப்பதுபோல வைத்திருந்தாள். திரும்ப மேஜைமேல் வைத்தாள்.

"நான் கண்டுபிடிப்பேனேப்பா. அடுத்த வருஷம் இதை என் முன்னால வப்ப. இதுல என்ன கொறையுதுன்னு கேப்ப. எங்கம்மா கொறையுறான்னு நான் எப்படிச் சொல்றது?"

லிண்ட்சே கைக்குட்டைப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெர்னா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலைத் தகட்டின் அடியோரத்தில் வைத்தாள். குழி விரலில் தட்டுப்பட்டது. உள்ளே இரண்டு. அதற்குப் பக்கத்தில் மற்றது.

நடுவர் அட்டையும் பென்சிலுமாக மேஜைக்கு வந்து நின்றார். "முடிஞ்சுதா க்ரோக்கர்? உன்னுதுதான் அடுத்தது."

"இல்ல சார்" என்றார் லிண்ட்சே, குரலைத் தாழ்த்தி. "மத்ததையெல்லாம் மொதல்ல பாத்துட்டு வாங்க. இங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."