மாதா வாசலில் நின்ற சாயங்காலம்

எங்கள் சுனாமி காலனியில் அக்டோபர் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் செபமாலை சொல்லி ஒரு நாள் தங்கிய பிறகு, மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரி தன் கையாலேயே சுரூபத்தைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக்குள் வைக்க வேண்டும். நாங்கள் மெழுகுதிரியோடு பாடிக்கொண்டு பின்னால் போவோம்.

லீமாவுக்குச் சிறுவயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வலை பின்னிப் பிழைக்கிறாள். போகவர வீல்சேர்தான். அம்மா ராகேல் இருந்தவரை அவள்தான் சுரூபத்தைத் தூக்கிப்போவாள். 2011-இல் ராகேல் மரித்தாள். அந்த அக்டோபரில், தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற எங்கள் அன்பியத்துக்குத் தலைவியான பேபி, லீமா வீட்டைத் தாண்டி மாதாவை நேரே தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாள். அந்தப் பிள்ளைக்கு எதற்குச் சிரமம் என்று நாங்களும் தலையாட்டினோம். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

கேள்விப்பட்ட லீமா வண்டியை உருட்டிக்கொண்டு செபக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள்.

"மயினி, எங்கம்மைதான செத்தா? நான் இருக்கேம்லா? எனக்க வீடு வீடில்லியா?"

"ஏட்டி, ஒனக்கு முடியாதேன்னுதான்..." என்றாள் பேபி.

"முடியுமான்னு எனக்கிட்ட கேட்டியளா?"

மாதா லீமா வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் சுரூபத்தை மடியில் இருத்தி, அம்மாவின் பழைய சேலையால் தன்னோடு சேர்த்துக் கட்டி, சக்கரத்தைத் தானே தள்ளி வந்தாள் லீமா. அவள் வேகத்துக்குப் பாட்டை இழுத்துப் பாடினோம். பேபி வீட்டு வாசலில் மூன்று படி. வண்டி நின்றது.

"தா மக்கா, நான் வச்சிக்கிடுதேன்." பேபி கை நீட்டினாள்.

"கொண்டு வந்தவதான மயினி உள்ள வைக்கணும்?"

பேபியின் புருஷன் ததேயுஸ், வண்டியோடு தூக்கிவிடலாம் என்று கைலியை மடித்துக் கட்டினார்.

"வேண்டாம்ண்ணே. நான் என்ன மீன் கூடையா?"

"மாதாவ வாசல்ல நிப்பாட்டுனா ஊரு சிரிக்கும்ட்டி!" என்றாள் பேபி.

"பெத்லகேம்ல பிள்ளப்பேறுக்கு எடம் கேட்டு எத்தன வாசல்ல நின்னவ! அவளுக்குப் பழக்கந்தான்."

ததேயுஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைய செபமாலையைத் தெருவில் நின்றே சொன்னோம். கடல்காற்று மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டே இருந்தது. பாதி செபத்தில் ததேயுஸைக் காணவில்லை. எங்கே போனாரோ என்று பேபி முகம் சுளித்தாள். கடைசி மங்கள வார்த்தை செபம் முடிவதற்குள், வள்ளத்தைக் கரையேற்றுகிற நீளப் பலகைகள் இரண்டைத் தோளில் சுமந்து வந்து படிமேல் சாய்த்துப் போட்டார்.

லீமாவுக்குப் பின்னால் போய் நின்றவர், வண்டியில் கை வைக்கவில்லை.

"பிடிக்கட்டா மக்கா?"

"பிடியும்ண்ணே," என்றாள் லீமா.

அந்தப் பலகைகள் மாதம் முடிகிறவரை அங்கேயே கிடந்தன. பிறகு அவர் சிமெண்டில் சரிவு கட்டினார். இப்போது அதில் மீன் வைக்கிற ஐஸ் பெட்டியை இழுத்து ஏற்றுவது பேபிதான்.