பென்டில் ஹில்லுக்கு ஒரு சொந்தக்கார ஊர்

அந்தப் புத்தகத்தைத் திறந்தால் கருகிய வெங்காயம் மணக்கும். பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்கும் ‘ஃபேட்’ சந்தையில் பழைய புத்தக மேசையை சாசேஜ் சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள், அங்கே ஒரு கலைக்களஞ்சியத்தின் மற்றத் தொகுதிகள் எல்லாம் போய், க்யூ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளுக்கான ஒரேயொரு தடித்த தொகுதி தனித்துக் கிடந்தது. அம்மா அதைத் தூக்கி வந்து எங்கள் வீட்டுக் ‘குசினி’யில், சமையல் மேசையில் வைத்தார். அன்று முதல் எனக்கு உலகம் க்யூவில் தொடங்கி ஆரில் முடிந்தது. ராபிட் என்ற முயல், ரேடியோ, ரோமாபுரி, ருஷ்யா என்று எதைக் கேட்டாலும் ஆண்டோடு சொல்வேன். யானையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையாக வந்த நான் சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லில் ரயில் பாதைக்கு அருகே வளர்ந்தேன். ஒரு மழைநாளில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவைப் பற்றிய பக்கத்தைப் புரட்டியபோது அந்த வரி கண்ணில் பட்டது: 1652ஆம் ஆண்டு, வட இங்கிலாந்தில், பென்டில் ஹில் என்னும் குன்றின் மேல் ஏறிய ஓர் இளைஞர் பெருந்திரளான மக்கள் ஒன்றுகூடுவதாகக் காட்சி கண்டார், குவேக்கர்களின் வரலாற்றைப் பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எங்கள் பென்டில் ஹில்! புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மழையிலேயே ஸ்டேஷனுக்கு ஓடிப்போய், பெயர்ப் பலகையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. எங்கள் புறநகருக்கு அந்தக் குன்றின் பெயர் ஒரு பருத்தி ஆலையோடு வந்து சேர்ந்தது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். அன்று எனக்குப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அதே தொகுதியில் ஆர் எழுத்தின் கீழ் ரிச்மண்ட் இருந்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரில் பெரிய நகரம் ஒன்று உண்டு. நான் சொல்வது இந்தியானா மாநிலத்துச் சின்ன ரிச்மண்ட். 1806இல் வட கரோலினாவிலிருந்து வந்த குவேக்கர் குடும்பங்கள் ஓர் ஆற்றங்கரையில் தொடங்கிய ஊர். அடிமை முறை நடக்கும் மண்ணில் இருக்க மனமில்லாமல் அவர்களில் பலர் புறப்பட்டிருந்தார்கள். தப்பியோடி வந்த அடிமைகளை அந்த வட்டாரத்துக் குவேக்கர்கள் வீடுகளில் ஒளித்து வடக்கே அனுப்பினார்கள். பிறகு அந்த ஊர் புல் வெட்டும் இயந்திரங்களுக்கும், பியானோக்களுக்கும், கண்ணாடிக் கூடங்களில் வளர்த்த ரோசாக்களுக்கும் பேர்போனது. பியானோத் தொழிற்சாலை ஆற்றுப் பள்ளத்தில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. 1920களில் அங்கேயே இசைத்தட்டுப் பதிவுக் கூடமும் நடந்தது. ரயில் வரும்போதெல்லாம், அதன் சத்தமும் பதிவாகிவிடும் என்று ஜாஸ் வாசிப்பவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்களாம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அவர்களுடைய நாட்காட்டி. கிழமைகளின் பெயர்கள் பழைய தெய்வங்களிடமிருந்து வந்தவை என்பதால் பழைய குவேக்கர்கள் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணித்தான் எழுதினார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கொப்பியில் நானும் ‘ஏழாம் நாள்’ என்று எழுதிவைத்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “அப்ப சனியனையும் விட்டிட்டினமோ? கெட்டிக்காரர்தான்,” என்றார்.

அந்த ஆண்டுப் பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு ‘எங்கள் ஊர்’. அப்பாவுக்கு அதில் ஒரு கனவு இருந்தது. முந்தைய ஆண்டுகளில் நல்லூர், சாவகச்சேரி, மதுரை, பினாங்கு எல்லாம் அந்த மேடையில் ஏறிவிட்டன. அவர் பிறந்த யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான பருத்தித்துறை மட்டும் ஏறவில்லை. வெளிச்சவீடு என்று அங்கே சொல்லும் கலங்கரை விளக்கம், துறைமுகம், தட்டை வடை என்று ஒரு பேச்சை மனதுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார். நான் ரிச்மண்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

“ஊர் எண்டு கேட்டால் பருத்தித்துறை எண்டு சொல்ல இந்த வீட்டிலை ஒரு பிள்ளை இல்லையோ?”

“எனக்கு அது ஞாபகம் இல்லையே அப்பா.”

“ரிச்மண்ட் மட்டும் ஞாபகமோ?”

போட்டியை நடத்தியவர் சிவா அங்கிள். தமிழ்ப் பள்ளியின் பொறுப்பாளர், நடுவர், நேரம் பார்ப்பவர் எல்லாம் அவர்தான். பித்தளை மணி ஒன்றை எப்போதும் கையோடு கொண்டு திரிவார். அவரும் தலையாட்டவில்லை. “அமெரிக்காவிலை உனக்கு ஆர் இருக்கினம் பிள்ளை?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை அங்கிள். ஆனா அவையின்ரை கதை பென்டில் ஹில்லிலைதானே தொடங்கினது.”

தொகுதியை விரித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி இரண்டு தரம் வாசித்தார். “அப்பா சம்மதிச்சால் பேசு,” என்றார்.

அன்று மாலை அப்பாவுக்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வட கரோலினாவிலிருந்து வண்டிகளில் புறப்பட்டார்கள் என்ற இடத்தில் என்னை நிறுத்தினார். “விட்டிட்டு வந்த ஊரைப் பற்றி என்ன எழுதிக் கிடக்கு?” அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றேன். “சரி. அவையும் விட்டிட்டு வந்த ஆக்கள்தானே. பேசு,” என்றார். பிறகு என் ஒத்திகைகளை எல்லாம் அவரே இருந்து கேட்டார். தலைப்பை மீறினால் மணி அடித்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. தான் பருத்தித்துறையை விட்டுக்கொடுத்த பிறகும் மகள் பாதியில் இறங்கிவிடுவாளோ என்பது அவருடைய பயம்.

பேச்சின் தொடக்கத்துக்கு நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். குவேக்கர்களின் பழைய வழக்கப்படி வழிபாட்டுக் கூட்டத்தில் பூசகர் இல்லை, பாட்டு இல்லை. எல்லோரும் வாங்குப் பலகைகளில் உட்கார்ந்து மௌனமாக இருப்பார்கள், யாருக்காவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்வார்கள். நானும் மேடையேறி அப்படியே நின்றேன், ஒரு சொல்லும் சொல்லாமல்.

தமிழ்ப் பெற்றோர் நிறைந்த மண்டபத்தில் ஒரு குழந்தை மேடையில் வாய் திறக்காமல் நின்றால் என்ன நடக்கும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த செல்வி அன்ரி, “சபையோருக்கு வணக்கம், சொல்லம்மா,” என்று எடுத்துக் கொடுத்தார். பின்னாலிருந்து ஒருவர், “நடுவர் அவர்களே எண்டு தொடங்கு,” என்றார். “பாவம், பிள்ளை மறந்திட்டுது.” “தண்ணி குடுங்கோ.” “ஆமா, மைக்கை கொஞ்சம் இறக்கிக் குடுங்க, குழந்தை பயப்படுது.” அம்மா தலையில் கைவைத்துவிட்டார். சிவா அங்கிளின் விரல்கள் மணிக்குப் போயின.

அப்போது அப்பா எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். “கொஞ்சம் பேசாமல் இருங்கோ. பிள்ளை வேணுமெண்டுதான் நிக்கிது.”

மண்டபம் அடங்கியது. அந்த மண்டபத்தை அப்படி ஓர் அமைதியில் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அந்த அமைதிக்குள், ஒத்திகையில் இல்லாத ஒன்று வந்தது: மண்டபத்தை ஒட்டிய பாதையில் பிளாக்டவுன் போகும் ரயில். சுவர்கள் அதிர, அது கடந்து போகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். தயாரித்த வணக்கத்தை விட்டுவிட்டு, “எங்கள் ஊருக்குச் சொந்தக்கார ஊர் ஒன்று இருக்கிறது, அங்கேயும் ரயில் போகும்வரை இப்படித்தான் காத்திருப்பார்கள்,” என்று தொடங்கினேன். பிறகு 1652, 1806, ரோசா, பியானோ என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

பரிசு கிடைக்கவில்லை, நேரம் தாண்டிவிட்டது. “மௌனத்துக்கும் நேரம் ஓடும் பிள்ளை,” என்றார் சிவா அங்கிள்.

அதன் பிறகு ரிச்மண்டைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து வருகிறேன். கறுப்பின இசைக் கலைஞர்களைப் பதிவு செய்த அதே கூடம், காசு கொடுத்த, கறுப்பினத்தவரை வேட்டையாடிய வெள்ளை அங்கி இனவெறியர்களுக்கும் இசைத்தட்டு அடித்துக் கொடுத்திருக்கிறது. என் கலைக்களஞ்சியம் அதைச் சொல்லவில்லை. அறிந்தபோது சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிக் கெட்டது கேள்விப்பட்டது போல மனம் சுருங்கியது. ஆனாலும் உறவை முறித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

இப்போது அந்தத் தொகுதி இல்லை. வீடு மாறியதில் போய்விட்டது. ஆலையில் நூல் நூற்பதில்லை. பழைய மண்டபத்தின் இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. போட்டி மட்டும் புதிய மண்டபத்தில் நடக்கிறது. மணியும் சிவா அங்கிளும் அப்படியே இருக்கிறார்கள். போன மாதம் தலைப்பு மறுபடியும் ‘எங்கள் ஊர்’. சென்ற விடுமுறையில் பருத்தித்துறையைப் பார்த்து வந்த என் மகன், யாரும் சொல்லாமலே அதைத் தேர்ந்துகொண்டான். எண்பது தாண்டிய அப்பா முதல் வரிசையில் இருந்தார்.

பேச்சின் நடுவில் மகன் நின்றுவிட்டான். மண்டபம் உடனே உதவிக்கு வந்தது. அப்பா பழையபடி கையை உயர்த்தினார். “பொறுங்கோ. பெடியன் வேணுமெண்டுதான் நிக்கிறான்.”

அவன் வேண்டுமென்று நிற்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரிந்தது. ரயில் ஒன்று வந்தால் தேவலை என்று காத்திருந்தேன். புதிய மண்டபத்துக்கு இரட்டைக் கண்ணாடி, ஒரு சத்தமும் உள்ளே வராது. அப்பாவுக்கும் மெல்லப் புரிந்திருக்க வேண்டும். கையை இறக்கிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

“வெளிச்சவீடு, அப்பு. வெளிச்சவீட்டடியிலை நிக்கிறாய்.”

சிவா அங்கிள் மணியைத் தொட்டார். “எடுத்துக் குடுத்தால் ரெண்டு புள்ளி குறையும், அண்ணை.”

“குறையுங்கோ,” என்ற அப்பா, மேடையை நோக்கி இன்னும் உரத்துச் சொன்னார்: “வெளிச்சவீட்டிலையிருந்து கடற்கரையாலை அப்பிடியே நேரை நட. துறைமுகம் வரும்.”