இரண்டாம் வருடத்துக்கு ஒரு விருந்து

மனோரஞ்சிதத்தின் மகள் யதுஷாவுக்குச் சோறு கண்ட இடம் சொர்க்கம். இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வயதில் களுவாஞ்சிகுடியிலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குத் தூக்கி வரப்பட்ட பிள்ளை. விமானத்தில் தாயும் தகப்பனும் பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க, தனக்கு வந்ததையும் தின்று அவர்களுக்கு வந்ததையும் தின்று முடித்தவள் இவள். அந்த வயிறும் அந்தத் துணிச்சலும் இருபத்தைந்து வயதிலும் அப்படியே இருந்தன.

ஆங்கிலம் படித்துப் பட்டமும் வாங்கினாள். வாங்கி என்ன? இரண்டாயிரத்து எட்டில் ரொறன்ரோவில் யாருக்குத்தான் வேலை கிடைத்தது? பள்ளிக்கூடக்காரர் அவள் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள், போட்டதோடு மறந்தும் போனார்கள். அந்த எரிச்சலில்தான் கொரியாவுக்கு விண்ணப்பித்தாள். தெற்குக் கரையோரம் சுன்ச்சொன் என்ற சிறு நகரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி. சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வேண்டும். போய் ஒரு வருடம் முடித்து, இரண்டு கிழமை விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். அது இரண்டாயிரத்து ஒன்பது ஆவணி மாதம். ஊரில் சண்டை முடிந்து மூன்று மாதம்.

அந்த மூன்று மாதமும் ஸ்காபரோத் தமிழ் வீடுகளில் பிறந்தநாள் இல்லை, பூப்புனித நீராட்டு இல்லை. மண்டபம் எடுத்தவர்கள்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மனோரஞ்சிதத்தின் தம்பி செல்வரட்ணம் முல்லைத்தீவுப் பக்கம் பெண் எடுத்து அங்கேயே இருந்தவர். இப்போது மனைவி பிள்ளைகளோடு முகாமில் இருந்தார். உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி ஆனி மாதம்தான் வந்தது. அன்றிலிருந்து மனோரஞ்சிதம் பிஸ்கற் பக்டரி வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். ஆனால் வாய் திறந்து பேசுவது குறைந்துவிட்டது.

இந்த வீட்டுக்குள்தான் யதுஷா இரண்டு பெரிய சூட்கேஸ்களோடு வந்து இறங்கினாள். சூட்கேஸில் உடுப்பைவிட மிளகாய்க் களியும் நெத்தலிக் கருவாடும் வறுத்த பார்லியும்தான் கூட. வந்த கையோடு, பள்ளிக்கூடம் தன்னை இன்னொரு வருடம் கேட்கிறது என்ற செய்தியையும் போட்டு உடைத்தாள். அடுத்த ஞாயிறு பின்னேரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும், அங்கே அப்போது திங்கள் காலை.

மனோரஞ்சிதம் ஒரே சொல்லில் முடித்தாள். வேண்டாம்.

ஏனென்று கேட்டால் சாப்பாட்டைக் காரணம் காட்டினாள். பாசியும் புளிச்ச கோவா இலையும் தின்று பிள்ளை வற்றிப்போயிற்று என்றாள். உண்மையில் யதுஷா ஆறு இறாத்தல் கூடித்தான் வந்திருந்தாள். கண்ணுக்கு முன்னால் நிற்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இப்படிச் சொல்ல ஒரு தாயால்தான் முடியும். சட்டப்படி யாரும் அவளைத் தடுக்க முடியாது. ஆனாலும் அம்மாவின் முகம் கோண விமானம் ஏற யதுஷாவுக்கு மனம் இல்லை. இந்த வருடம் அம்மா பட்டது போதும் என்று அவளுக்குத் தெரியும்.

“சரி அம்மா, டீல் ஒண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்க தினமும் சாப்பிடுறதை சமைக்கிறன். சாப்பிட்டுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. நல்லா இல்லையெண்டால் நான் போகேல்லை,” என்றாள்.

மனோரஞ்சிதம் ஓம் என்றாள். தகப்பன் சாமித்தம்பி, மூன்று மாதமாக வீட்டில் சிரிப்புச் சத்தம் கேளாமல் காய்ந்து போயிருந்த மனிதர், சந்தர்ப்பத்தை விடுவாரா? பந்தயத்துக்குச் சாட்சி வேண்டும் என்று சொல்லி பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து பழைய கூட்டாளி அருள்நாயகத்தையும் மனைவி வேரோனிக்காவையும் சாப்பிட வரச் சொல்லிவிட்டார். மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருகிற முதல் விருந்தாளிகள் அவர்கள்.

சனிக்கிழமை முழுவதும் யதுஷாவின் கால் தரையில் படவில்லை. தகப்பனை இழுத்துக்கொண்டு யங் ஸ்ட்ரீட்டில் இருக்கிற கொரியன் கடைக்குப் போனாள். அங்கே நின்ற மனுசியோடு அவள் கொரியன் மொழியில் பேரம் பேசியதைப் பார்த்து சாமித்தம்பி வாயைப் பிளந்தார். வழி முழுக்க அவள் வாய் ஓயவில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே சாப்பாட்டு அறையில், ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டில் சாப்பிடுவார்களாம். சோறு ஒரு குழியில், சூப் ஒரு குழியில், மற்ற மூன்றில் மூன்று கறி. பத்து மணிக்குப் பொடிக்கோப்பியைக் கடதாசிக் கோப்பையில் போட்டு, நிறையச் சீனியோடு கலக்கிக் குடிப்பார்களாம். தாகத்துக்குப் பச்சைத்தண்ணீர் கிடையாதாம், பார்லி வறுத்து அவித்த தண்ணீர்தானாம். முதல் கிழமை அதைத் தேத்தண்ணீர் என்று நினைத்துப் பால் கேட்டுத் தான் பட்ட வெட்கத்தையும் சொன்னாள்.

அதைவிடப் பெரிய கூத்து, ஆசிரியர்கள் சேர்ந்து சாப்பிடப் போன முதல் நாள் நடந்தது. தட்டில் மிச்சம் விட்டால் சமைத்தவரை அவமதித்த மாதிரி என்று மனோரஞ்சிதம் வளர்த்த பிள்ளை அல்லவா? முன்னால் வைத்த சின்னக் கிண்ணங்களை எல்லாம் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டாள். அந்த ஊரில் வெறுங் கிண்ணம் கண்டால் கடைக்காரி கேளாமலே நிரப்பிவிடுவாள், அதற்குக் காசும் இல்லை. இவள் முடிக்க, அவள் நிரப்ப, இவள் மரியாதைக்குத் திரும்பவும் முடிக்க, ஆறாம் தரம் கீரையும் ஏழாம் தரம் கருவாடும் உள்ளே போயின. தலைமை ஆசிரியர் கண்கலங்கி, தங்கள் ஊர்ச் சாப்பாட்டை இவ்வளவு விரும்பிச் சாப்பிட்ட வெளிநாட்டுக்காரியைத் தான் கண்டதே இல்லை என்று எழும்பி நின்று பேசினாராம். அன்றிரவு அவள் வயிறு பட்ட பாட்டை அவளும் அந்தக் குளியலறையும்தான் அறியும்.

சாமித்தம்பி காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

ஞாயிறு காலை ஐந்து பேருக்குப் பதினொரு வகை செய்தாள். அடுப்பில் புளிச்ச கோவாவில் வைத்த கிம்ச்சிக் குழம்பு, ரின்னில் அடைத்த மீனும் சோயாக்கட்டியும் போட்டது. நெத்தலியைச் சீனிப்பாகில் புரட்டிய பொரியல், முட்டை, கீரை, அவரைமுளை, கடற்பாசி என்று மேசை நிறைந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் சலாது இலை போதாதென்று கண்டாள். இறைச்சியை அந்த இலையில் சுற்றி வாயில் வைக்க வேண்டும், இலை இல்லாமல் எப்படி? காரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் போன இருபது நிமிடத்தில் மனோரஞ்சிதம் குழம்பை ஒரு கரண்டி அள்ளி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். இதென்ன கோதாரி என்று வாய்விட்டுச் சொன்னாள். புளிப்பு மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வேரோனிக்கா எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு வாய் சாப்பிட்டு முகத்தைச் சுளித்தாளென்றால் அடுத்த நாள் அஜக்ஸ் முழுக்கப் பிள்ளையின் சமையல் நாறிவிடும். மகள் தோற்க வேண்டும் என்றுதான் மனோரஞ்சிதம் ஒரு கிழமையாக நேர்ந்துகொண்டிருந்தாள். ஆனால் நாலுபேர் முன்னால் மகள் தலைகுனிய அவளால் பார்க்க முடியாது. கை தானாக அலுமாரிக்குப் போயிற்று. மூன்று கரண்டி கறித்தூள், ஒரு ரின் தேங்காய்ப்பால், ஒரு பிடி கறிவேப்பிலை, இரண்டு துண்டு ரம்பை இலை. கலக்கி மூடிவிட்டு ஒன்றும் அறியாதவள் போலத் தட்டுத் துடைத்தாள்.

யதுஷா கதவைத் திறந்ததுமே மணம் காட்டிக் கொடுத்தது. ஆனால் அவளுக்குப் பின்னாலேயே அருள்நாயகமும் வேரோனிக்காவும் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். விருந்தாளி முன்னால் தாயோடு சண்டை பிடிக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மேசையில் வைத்தாள்.

முதலில் சந்தோசமாகத்தான் போயிற்று. அவள் கொண்டு வந்த கொரியன் சாராயத்தை சாமித்தம்பி தனக்கு ஊற்றப் போக, கையைத் தட்டிவிட்டாள். அங்கே தன் கோப்பையைத் தானே நிரப்பக் கூடாது, மற்றவர்தான் ஊற்ற வேண்டும், வாங்குகிறவர் இரண்டு கையாலும் ஏந்த வேண்டும், வயதுக்கு மூத்தவர் முன்னால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பித்தான் குடிக்க வேண்டும். அருள்நாயகத்துக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்துக்கொண்டது. பெஞ்சாதி பார்க்காத பக்கம் முகத்தைத் திருப்பிக் குடிப்பதில் அவருக்கு முப்பது வருட அனுபவம். சாமித்தம்பி ஊற்றுவார், அருள்நாயகம் திரும்புவார், பிறகு அருள்நாயகம் ஊற்றுவார், சாமித்தம்பி திரும்புவார். மனோரஞ்சிதத்துக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது.

பிறகு வேரோனிக்கா குழம்பை ஊற்றிச் சோற்றோடு பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள். கொரியன்காரரும் ரம்பை போட்டுத்தான் சமைக்கிறார்களா, அசல் நம்முடைய கறி மாதிரியே இருக்கிறதே, இப்படிச் சாப்பாடு கிடைத்தால் பிள்ளையைப் பற்றி என்ன கவலை என்று தீர்ப்பும் சொல்லி, இரண்டாம் தரமும் ஊற்றினாள்.

பந்தயத்தில் யதுஷா வென்றுவிட்டாள். வென்ற குழம்பு அவளுடையது இல்லை. இன்னும் கொஞ்சம் பொய்க்காரியாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். அந்தக் குணம் அவளிடம் இல்லை, கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

“அன்ரி, அது கொரியன் இல்லை. அது அம்மாவின்ர கறி. அம்மா, நான் அங்க என்ன சாப்பிட்டு இருக்கிறன் எண்டு காட்டத்தானே இவ்வளவும் செய்தனான். அதைக்கூட நீங்கள் பாக்க விடேல்லையே.”

அருள்நாயகம் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். மனோரஞ்சிதம் தலையைக் குனிந்து, தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். கோபப்படப் போகிறாள் என்றுதான் யதுஷா நினைத்தாள். அம்மா கேட்டது வேறு.

“அண்டைக்கு என்ன சாப்பிட்டனீ?”

என்றைக்கு என்று யாரும் கேட்கவில்லை. ரொறன்ரோவில் அந்த வருடம் அன்றைக்கு என்றால் ஒரே ஒரு நாள்தான், சண்டை முடிந்த நாள்.

“நான் இஞ்ச ரோட்டில கொடியோட நிண்டனான். போனும் எடுக்கேல்லை. பிள்ளை அங்க தனியக் கிடந்து, ஒரு வாய் சாப்பிடு எண்டு சொல்லவும் ஆளில்லாமல் இருந்திருப்பாள் எண்ட நினைப்பு எனக்குப் பிறகுதான் வந்தது. அந்த நினைப்போட என்னால உன்னைத் திருப்பி அனுப்பேலாது.” மனோரஞ்சிதம் இதை மேசையைப் பார்த்துத்தான் சொன்னாள். மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

யதுஷா கதிரையை இழுத்துத் தாய்க்குப் பக்கத்தில் போட்டாள். அன்றைக்கும் மறுநாளும் தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று மறைக்காமல் சொன்னாள். தட்டு வாங்குவாள், அப்படியே திருப்பிக் கொண்டுபோய் வைப்பாள். பள்ளிக்கூடக் குசினியில் தட்டுக் கழுவுகிற மனுசி ஒருத்தி இருந்தாள், அறுபது வயதிருக்கும். மிச்சச் சோற்றைக் கொட்டுவது அவள் வேலை. எந்தத் தட்டு எப்படி வருகிறது என்று அவள் கண்ணுக்குத் தப்பாது. மூன்றாம் நாள் யதுஷாவின் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப் போய், கவிழ்த்து வைத்த வாளியில் இருத்தினாள். முன்னால் ஒரு கோப்பைக் கஞ்சியை வைத்தாள். வெறும் அரிசிக் கஞ்சி, மேலே கொஞ்சம் நல்லெண்ணெய். எங்கே சண்டை, யார் செத்தார்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லுமளவுக்கு யதுஷாவிடம் மொழியும் இல்லை. இவள் குடித்து முடிக்கும்வரை அந்த மனுசி முன்னால் குந்திக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் காய்ச்சினாள். ஒன்பது நாள், யதுஷா தானாகத் தட்டை எடுத்து வரிசையில் நிற்கும்வரை, காய்ச்சினாள்.

கஞ்சி என்றதும் சாமித்தம்பி மனைவியைப் பார்த்தார். கடைசிக் கிழமைகளில் உப்புக் கஞ்சிதான் தங்கள் உயிரைப் பிடித்து வைத்தது என்று செல்வரட்ணம் முகாமிலிருந்து தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து, அந்த வீட்டில் கஞ்சி காய்ச்சவில்லை. மனோரஞ்சிதத்தால் அந்தப் பெயரையே காதில் கேட்க முடியாமல் இருந்தது. இப்போது அவள் இடது கையால் சேலைத்தலைப்பை எடுத்துக் கண்ணையும் மூக்கையும் ஒன்றாகத் துடைத்தாள்.

“அந்த மனுசியின்ர பேரென்ன?”

யதுஷா விழித்தாள். “தெரியாதம்மா. எல்லாரும் இமோ எண்டுதான் கூப்பிடுறது. சித்தி எண்ட மாதிரி.”

மனோரஞ்சிதத்துக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். பழைய மனோரஞ்சிதம் திரும்பி வந்துவிட்டாள் என்று சாமித்தம்பிக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

“ஒன்பது நாள் உனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்திருக்கிறாள். நீ பேரைக்கூடக் கேக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறாய். உன்னை இப்பிடியா நான் வளத்தனான்? எழும்பு. எழும்பிப் போய், வாறன் எண்டு அந்தக் கடிதத்தை எழுது. திரும்பிப் போனதும் முதல் வேலையா அவளின்ர பேரைக் கேட்டு எனக்குச் சொல்லு.”

யதுஷா எச்சில் கையைக்கூடக் கழுவாமல் கம்பியூட்டருக்கு ஓடினாள்.