துரைக்கு இட்ட சந்தனம்

துரை எழுந்த பிறகுதான் எங்கள் வீட்டில் டீ. மழைக்காலத்தில் இது சட்டம் மாதிரி.

துரை என்றால் ஆள் இல்லை, ஒரு தோட்ட டிராக்டர். இரண்டே சக்கரம், பின்னோக்கி நீண்ட இரண்டு கைப்பிடி, நடுவில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து ஓட்ட வேண்டும். நாங்கள் செம்பூரில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் குடியிருந்தோம். அதன் பழைய சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்காரர். கப்பலேறுகிற அன்று, தோட்டக்காரராக இருந்த என் அப்பாவைக் கூப்பிட்டுக் கை குலுக்கி, இது உனக்கு என்று வண்டியை விட்டுவிட்டுப் போனாராம். கொடுத்தவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் வண்டிக்கே துரை என்று பெயராகிவிட்டது. தொரை இருமுதாரு, தொரைக்குத் தாகமாம் என்றுதான் வீட்டில் பேச்சு நடக்கும்.

ஈரக் காற்றுப் பட்டால் துரைக்குச் சளி பிடிக்கும். அப்போது அத்தை அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து அடுப்பில் வைத்துச் சூடேற்றுவாள். அம்மா டீக்குத் தண்ணீர் வைக்கக் காத்திருக்கிற அதே அடுப்பு. பிளக் சூடானதும் அத்தை அதை முந்தானையில் பொதிந்துகொண்டு ஓடுவாள். இன்ஜினில் பூட்டி, கயிற்றைச் சுற்றி, ஒரே இழுப்பு. டுக்டுக் என்று அது எழுந்தால்தான் அம்மா டீக்குத் தண்ணீர் வைப்பாள். புருசனுக்கு முந்தித் தொரைக்குப் பலகாரம் ஆகுற வீடு இது ஒண்ணுதான் என்று அடுப்பிடம் சொல்லிக்கொள்வாள்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். கொழும்புக்குப் போன அவள் புருஷன் திரும்பி வரவேயில்லை. கொழுந்தன் வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவளை அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பிறக்கும் முன்பே வந்துவிட்டதால், அத்தை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. பங்களாவுக்குப் பின்னால் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாங்கள் செண்டும் சம்பங்கியும் போட்டு மாதுங்காவில் பூக்கடைக்குக் கொடுத்தோம். நிலத்தை உழுவது துரை. துரையை நடத்துவது அத்தை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கழற்றிக் கழற்றிப் பூட்டி, பிள்ளைக்குப் பேன் பார்ப்பது போலப் பழகிக்கொண்டாள்.

அதன் தோல் பெல்ட் அறுந்தால் தாராவிக்குப் போய், தோல் பதனிடும் இடத்தில் நின்று, ஒன்று தைத்து வாங்கி வருவாள். பெல்ட் வழுக்கினால் விளக்கெண்ணெய் தடவுவாள். அதே போத்தலிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் ஊற்றுவார்கள். துரை முகம் சுளிக்காமல் குடிக்கிறது, உனக்கென்ன கேடு என்று கேட்பார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பெட்ரோல் தொட்டியின் மூடியில் கடுகைவிடச் சிறிய துளை ஒன்று இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். புழுதி அடைத்துக்கொண்டால் வண்டி நன்றாகக் கிளம்பும், கொஞ்ச தூரம் ஓடும், பிறகு காரணம் தெரியாமல் நின்றுவிடும். அதனால் அத்தை அடிக்கடி அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஊசி கேட்பாள்.

“எதுக்கு மைனி, தொரைக்குச் சட்டை தைக்கவா?” என்பாள் அம்மா.

“அவருக்கும் மூச்சு முட்டுமுல்லா. குடுட்டி” என்பாள் அத்தை.

அம்மாவும் அத்தையும் பேசினால் எப்போதும் இப்படித்தான். உப்பில் தொடங்குவார்கள், கொடியில் காயும் சேலையில் முடிப்பார்கள். இந்த இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

உழாத நேரத்தில் துரைக்குப் பின்னால் ஒரு இரும்பு இருக்கையை மாட்டலாம். சிறு சக்கரங்களோடு தனியாக இழுபட்டு வரும். காலையில் அதில் என்னை உட்காரவைத்து அத்தை தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வருவாள். அப்போதைய செம்பூர் பாதி கிராமம். குட்டைகளிலிருந்து பனி எழும்பி இடுப்பு உயரத்தில் நிற்கும். அத்தையின் தலையும் தோளும் மட்டும் எனக்கு முன்னால் மிதந்துபோகும். டுக்டுக் சத்தம் முதுகெலும்பு வழியாக ஏறிக் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. செண்டுப் பூ வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்தால் ஒரு மூன்றாவது வாசனை வரும். உலகத்தில் எல்லாக் காலைகளும் அந்த வாசனையோடுதான் விடியும் என்று நினைத்திருந்தேன். தூரத்தில் மாகுல் பக்கத்துப் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையின் தீ, அணைக்க மறந்த விளக்கு போல, பனிக்குள் மஞ்சளாகத் தெரியும்.

எனக்கு ஏழு வயதான வருஷம், அறுபதுகளின் நடுவில், அப்பாவுக்கு ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை கிடைத்தது. அதே சமயம் தாராவியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் அத்தையின் விரல் இடுக்கில் இருந்த கருப்பு எண்ணெயைப் பார்த்துவிட்டு யாரோ, அக்காளைப் பூட்டியில்லா ஏர் ஓட்டுதான் என்று அப்பாவின் காதில் விழும்படி சொல்லிவிட்டார்கள். அப்பா நல்ல மனிதர். ஆனால் ஊர் வாய்க்கு ரொம்பப் பயந்தவர். பாயசம் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியவளான பின்தான் சேர்த்துவைத்துப் புரிந்துகொண்டேன். துரையை விற்றுவிடுவது, நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது, பூ வேலை இல்லாத வீட்டில் அத்தைக்கு இனி என்ன இருக்கிறது, ஊரில் கொழுந்தன் வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று அப்பா தீர்மானித்திருந்தார். கொழுந்தனும், வந்து கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டானாம். துரை போன மறுநாள் ரயில் என்று பேச்சு. பரணிலிருந்து அவளுடைய டிரங்குப் பெட்டி இறங்கியது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயில் ஒன்றுதான். பெட்டி இறங்கினால் ஊருக்குப் போகிறோம் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஜன்னல் ஓரம் யாருக்கு என்பது மட்டுமே என் கவலை.

தசரா முடிந்தது. செண்டுப் பூவெல்லாம் அறுத்து ஆலைகளுக்கும் டாக்சிகளுக்கும் மாலையாகப் போய்விட்டது. வெறும் நிலத்தில் காய்ந்த தட்டைகள் நின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகரிலிருந்து ஒரு சேட் வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கரும்பு பிழியும் இயந்திரத்துக்கு ஒரு இன்ஜின் அவருக்கு வேண்டியிருந்தது. ஓடினால் அன்றே தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை அத்தை துரையைக் குளிப்பாட்டினாள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் இண்டு இடுக்கெல்லாம் துடைத்தாள். தொட்டியில் பெட்ரோலை விளிம்புவரை ஊற்றினாள். குறை சொல்லி யாரும் விலையைக் குறைக்கக்கூடாது என்பதில் அவளுக்கு ஒரு வீம்பு. பெண் பார்க்க வருகிற வீடு போல எல்லாம் பளபளவென்று இருந்தது. அத்தை மட்டும் அன்று துரையோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

சேட் வரும் நேரத்துக்கு அம்மா, குளித்த ஈரத் தலையோடு, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஆச்சரியம். அம்மா துரையைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. சேலையில் கறை ஒட்டும் என்று பத்தடி தள்ளித்தான் நடப்பாள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதுகூட அத்தைதான்.

“பூசைக்கு வச்சதெல்லாம் தொடச்சி எடுத்தாச்சு. வீட்ட விட்டுப் போற பொருள வெறும் நெத்தியோடவா அனுப்புவாவ?” என்றாள் அம்மா.

அத்தை பெல்ட்டின் மேல் குனிந்திருந்தாள், நிமிரவில்லை. அம்மா கைப்பிடிகளுக்குச் சின்னதாக ஒவ்வொரு பொட்டு வைத்தாள். சக்கரங்களுக்கும் அப்படியே. தொட்டி மூடிக்கு வந்ததும் கிண்ணத்தில் மீந்ததை எல்லாம் வழித்து, கட்டைவிரலால் அழுத்தி, அப்பம் போல ஒரு பொட்டு வைத்தாள். அதன் மேல் குங்குமம். மாப்பிள்ளைக்குக்கூட யாரும் அவ்வளவு பெரிய பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, முறத்தில் அரிசியைப் பரப்பி, வாசலில் உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

சேட் குடையும் பையுமாக வந்தார். நல்ல சிரிப்பு அவருக்கு. எனக்கு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் ஓட்டிக் காட்டுங்கள் என்று இந்தியில் கேட்டார்.

முதல் இழுப்பிலேயே துரை எழுந்தது. அன்றைக்குப் போல அது எழுந்து நான் கேட்டதில்லை. இருமல் இல்லை, திக்கல் இல்லை. அப்பா சேட்டைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அறுத்த தட்டைகளை முறித்துக்கொண்டு துரை போனது. அத்தையின் முதுகு சிறுத்துக்கொண்டே போனது. வெயில் பட்டு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. பாதி நிலம் போயிருப்பாள். டுக், டுக் என்று சத்தம் இளைத்து, நின்றுவிட்டது.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அத்தை பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள். வயரை ஆட்டினாள். கடைசியாகத் தொட்டி மூடியில் கை வைத்துத் திருகினாள். உஸ் என்று ஒரு மூச்சு, ரொம்ப நேரம் அடக்கிவைத்திருந்தது போல. அத்தையின் கை அப்படியே நின்றது. மூடியைத் திருப்பி அந்தப் பொட்டைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். அம்மா முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அத்த, ஊசி எடுத்துட்டு வரட்டா?” என்றேன்.

“சும்மா இருட்டி” என்றாள் அத்தை. அதட்டலாகச் சொல்லவில்லை. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் இருக்கச் சொல்வது போலச் சொன்னாள்.

மூடியைத் துடைக்கவில்லை. பொட்டுக் கலையாமல் விளிம்பைப் பிடித்து, முன்பைவிட இறுக்கமாகப் பூட்டினாள்.

அப்பா கிணற்றடியிலிருந்து குரல் கொடுத்தார். “யக்கா, தொட்டியப் பாத்தியா?”

“பாத்தாச்சு. நெறஞ்சு கெடக்கு” என்றாள் அத்தை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

சேட்டே வந்து கயிற்றை இழுத்தார். துரை உடனே எழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. வேலியைத் தொடுவதற்குள் மறுபடி படுத்துவிட்டது. இன்னொரு தடவையும் அப்படியே. சேட் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இன்ஜினைத் தட்டிக்கொடுத்து, “ஏ தோ புட்டா ஹோ கயா, பாய்” என்றார். கிழவனாகிவிட்டதாம். அம்மா எழுந்துபோய் அவருக்கு ஏலக்காய் தட்டி டீ போட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் ஏலக்காய் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். குடித்துவிட்டு, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா கிணற்று மேடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கொள்ள ஆள் இல்லாத வண்டி, விதைக்க வேண்டிய நிலம், திங்கட்கிழமை காலை ஷிப்ட். எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்திருப்பார் போல. கடைசியில் அத்தையின் முகத்தைப் பார்க்காமல், “இந்த ஒரு வெதப்புக்கு நீயே பாத்துக்க யக்கா. ஊருக்கு நான் எழுதிப் போட்டுருதேன்” என்றார்.

அத்தை கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, யாரிடம் என்றில்லாமல். “அப்போ நாளைக்கும் நாலு பேருக்குத்தான் ஒல வைக்கணுமாக்கும். இந்த வீட்ல எனக்கு என்னைக்கு விடிஞ்சிருக்கு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துரை போகவில்லை என்றால் ரயிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எப்படி முகத்தைக் காட்டுவது? நான் மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். கெட்டுப்போன வண்டியை உதைத்தேன். அப்பா பெப்பர்மிண்டை ஞாபகப்படுத்தினார். நான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதேன். எத்தனை டிக்கெட் எடுப்பதாக இருந்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் அன்று துக்கப்பட ஒருத்திக்குத்தான் காரணம் இருக்கிறது, அது நான்தான் என்று உறுதியாக நம்பினேன்.

அத்தை குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டே இருந்தாள். கண்ணில் பெட்ரோல் தெறித்துவிட்டதாம். அம்மா பக்கத்தில் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றுகிறவளுக்கும் எப்படியோ கண்ணில் பட்டிருக்க வேண்டும்; அவளும் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் பட்டால் அவ்வளவு நேரம் எரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் என் ரயிலுக்காக மறுபடி அழத் தொடங்கினேன்.