சந்தியில் தொங்கிய வைத்தியர்

பேத்தியின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபிறகு, வெட்டுப்புள்ளி வரும்வரைக்குமான மாதங்களில், யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் பாதிப் பேருடன் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "என்ன சேர், பேத்திக்கு கெம்பஸ் வந்திருச்சா?" மருந்துக்கடையில் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள். சலூன்காரர் என் தாடையில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டார். தேங்காய் விற்கும் சிங்களக் கடைக்காரர் என்னைக் கண்டால் போதும், "தாம ஆவே நெத்த, சேர்?" என்பார். இன்னும் வரவில்லையா என்று கேட்பதில் என்ன கெடுதல் இருக்கிறது? ஆனாலும் ஒரு நாள் வாங்கிய தேங்காயை அவருடைய மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன். அன்று வீட்டில் சம்பல் இல்லை. மருமகள் காரணம் கேட்டதற்கு அவள்மீதும் விழுந்தேன்.

பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தால் மட்டும் மருத்துவபீடம் கிடைத்துவிடாது. மாவட்டம் மாவட்டமாக வெட்டுப்புள்ளி அறிவிப்பார்கள். உங்கள் புள்ளி அதற்கு மேல் இருந்தால் வைத்தியர், ஒரு மயிரிழை கீழே இருந்தால் ஒன்றுமில்லை. அது எப்போது வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்து அதிபராக ஓய்வு பெற்றவன் நான். இதையெல்லாம் எத்தனையோ பெற்றோருக்கு நிதானமாக விளங்கப்படுத்தியிருக்கிறேன். என் வீட்டுக்கு வந்தபோது அந்த நிதானம் எங்கே போனதோ தெரியவில்லை.

பெறுபேறு வந்த அன்று மாலை தோட்டத்து இளைஞர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகள் பாஸானால் சந்தியில் பெனர் கட்டுவது இப்போது எங்கள் பக்கத்து வழக்கம்.

"சேர், தங்கச்சி ஃபோட்டோ ஒண்ணு குடுங்க. வாழ்த்துகிறோம்னு போட்டு பெனர் அடிக்கிறோம்."

"வாழ்த்து இருக்கட்டும்பா. எமது தோட்டத்தின் முதல் வைத்தியர்னு பெருசாப் போடுங்க" என்றேன்.

உள்ளேயிருந்து பேத்தி ஓடி வந்தாள். "தாத்தா, ரெண்டு ஏதான். கெமிஸ்ட்ரி பி. நம்ம டிஸ்ட்ரிக்ல கெடைக்குமான்னே தெரியாது. அப்படிப் போடாதீங்க."

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாததா?"

எனக்கு உண்மையிலேயே தெரியாது. இளைஞர்கள் என் பேச்சைத்தான் கேட்டார்கள். மூன்றாம் நாள் சந்தி பஸ் தரிப்பிடத்துக்கு மேலே, மின்கம்பத்துக்கும் பலா மரத்துக்கும் நடுவில் பெனர் ஏறியது. பாடசாலைச் சீருடையில் எடுத்த படத்தில், கணினியில் ஒரு ஸ்டெதஸ்கோப்பை அவள் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். அதன் கீழே நின்று நான் படம் பிடித்துக்கொண்டேன். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகனுக்கு அனுப்பினேன். பழகிய அதிபர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன்.

அடுத்த வாரமே அவள் என்னிடம் வந்தாள்.

"தாத்தா, செகண்ட் ஷைக்கு கிளாஸ் தொடங்கிட்டாங்க. அடுத்த எக்ஸாம் மறுபடி எழுத நான் போறேன். ஒருவேளை கெடைக்கலைன்னா கையில ஒண்ணும் இல்லாம நிக்கக்கூடாதுல்ல?"

"டாக்டர்னு பெனர் தொங்குது. அதுக்குக் கீழ புத்தகப் பையோட பஸ்ஸுக்கு நிப்பியா? பாக்குறவன் என்ன கேப்பான்? என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிக்கிறது?"

"அங்க தொங்குறது என் மூஞ்சி தாத்தா."

நான் சத்தம் போட்டேன். அவள் வகுப்புக்குப் போகவில்லை.

அந்த மாதங்களில் நான் கோபப்படாத ஆள் இல்லை. அவள் உயர்தரம் படித்த காலத்தில் இரசாயனவியலுக்குத் தமிழில் படிப்பிக்க ஓர் ஆசிரியர் வந்தார். இரண்டு தவணை முடிவதற்குள் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார். அதன்பிறகு யாரும் வரவில்லை. யாரோ எழுதிய குறிப்புகளின் மங்கிய போட்டோ பிரதிகளை வைத்துத்தான் அவள் படித்தாள். பஸ்ஸில் மலை ஏறிப் போனால் அடுத்த மாவட்டம் வந்துவிடும். அங்கே வெட்டுப்புள்ளி குறைவு. அங்கேயும் இதே லயம், இதே தகரக் கூரை. எங்கள் பிள்ளைகள் மட்டும் மாவட்டத் தலைநகர் கேகாலையின் பெரிய பாடசாலைகளோடு ஒரே கோட்டில் நின்று ஓட வேண்டும். இந்தக் கோபம் நியாயமானது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அதை நான் காட்டிய இடம் ஒன்றும் நியாயமில்லை. சந்தியில் நிற்கும் த்ரீவீல் பையன் ஒருவன், "டாக்டரம்மாவ ஆளையே காணோமே சேர், எனக்கு ரெண்டு நாளா இருமல்" என்றான். நான் குடையை ஓங்கிவிட்டேன்.

மழை விடாத ஒரு பின்னேரம். குழாயடியில் பேத்தி காலில் போடும் மேஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளை மேஸிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. இரண்டு கணுக்காலிலும் அட்டை கடித்த புண்கள். சில பழையவை, சில புதியவை.

"எங்க போயிட்டு வர்றே?"

அவள் மேஸைப் பிழிந்தாள். பிள்ளைக் காம்பராவில் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் மருமகளுக்கு. அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். அவள்தான் சொன்னாள்.

"நான்தாங்க மாமா அனுப்புனேன். ரெண்டு மாசம் வீட்டுல குந்தியிருந்தா. அதுக்கு மேல என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. கிளாஸுக்குப் போறா. சந்தியில நிக்க வெக்கமா இருக்குன்னு ரப்பர் மலையில எறங்கி, ஆத்தத் தாண்டி, அடுத்த ஹோல்ட்ல பஸ் ஏறுறா."

நான் அவளுடைய பையைப் பிடுங்கி, குறிப்புகளை மழையில் வாசலில் வீசினேன். மருமகளைப் பார்த்து, "படிக்காத கழுதை, உன் புத்திய அவளுக்கும் குடுக்கிறியா?" என்றேன். என் வாயால் சொன்ன சொல், அதை மாற்றாமல் எழுதுகிறேன்.

அவள் அழவில்லை. "ஆமாங்க மாமா, நான் படிக்காதவதான். அந்தப் பெனர எழுதுனவங்க படிச்சவங்க" என்றாள்.

பேத்தி ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினாள். அடுப்படியில் கொடி கட்டி, துணி காயப்போடுவதுபோலக் கிளிப் மாட்டிக் காயவைத்தாள். மறுநாள் காலையில் அதே இறப்பர்க் காட்டுப் பாதையில் இறங்கிப் போனாள். நான் தடுக்கவில்லை. மனம் திருந்திவிட்டதால் அல்ல. கோபத்தில் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான்.

அதன்பிறகுதான் வெட்டுப்புள்ளி வந்தது. இணையத்தளம் திறக்க மறுத்து இழுத்தடித்தது. கடைசியில் திறந்தபோது அவள் திரையை ஒரு தடவை பார்த்தாள். முதலில் அம்மாவிடம் போய் ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம் வந்து, "இல்ல தாத்தா" என்றாள். மயிரிழைதான்.

நான் மறுபடி ஆரம்பித்தேன். மாவட்டம், ஆசிரியர், அரசாங்கம். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அந்தச் சண்டையப் பிறகு போடுங்க தாத்தா. மொதல்ல போய் அந்தப் பெனரக் கழட்டுங்க."

அடுப்படிக் கத்தியை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் சந்திக்குப் போனேன். கயிறு எனக்கு எட்டவில்லை. கீழே தொங்கிய மூலையைப் பிடித்து அறுக்கத் தொடங்கினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் குடை ஓங்கிய அந்தப் பையன்தான் எழுந்து வந்தான்.

"அறுக்காதீங்க சேர், நான் அவுத்துத் தர்றேன்." பலா மரத்தில் ஏறி முடிச்சை அவிழ்த்தான். "இத என்ன செய்யப் போறீங்க?"

"எரிக்கப் போறேன்."

"நாறும் சேர். எங்க அடுப்படி ஒழுகுது, குடுத்துருங்க. படம் வெளிய தெரியாம உள்பக்கமாப் போட்டுக்கிறேன். எங்கம்மாவும் டாக்டரப் பாத்துக்கிட்டே சமைக்கட்டும்."

கொடுத்துவிட்டேன். மறுநாள் அவள் சந்தியில் நின்று பஸ் ஏறினாள்.

பல்கலைக்கழகத்தில் வேறொரு பாடநெறிக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். அதற்குப் பதிந்தால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அவள் பதியவில்லை. அடுத்த பரீட்சை எழுதினாள். இம்முறை இரசாயனவியலில் ஏ. பௌதிகவியல் பி ஆகிவிட்டது. நான் வீட்டில் அடைத்து வைத்த அந்த இரண்டு மாதத்தில் வகுப்பில் முடித்த பகுதிகளிலிருந்துதான் இரண்டு பெரிய வினாக்கள் வந்தன. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வினாத்தாளையும் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே பார்த்தேன். இந்தத் தடவை கோபப்பட வேறு யாரும் கிடைக்கவில்லை.

இப்போது மறுபடி வெட்டுப்புள்ளிக்குக் காத்திருக்கிறோம். அவள் எனக்கு ஒரேயொரு நிபந்தனை போட்டிருக்கிறாள். "யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க தாத்தா. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசக்கூடாது."

நேற்று தேங்காய்க் கடைக்குப் போனேன். "தாம ஆவே நெத்த, சேர்?" என்றார். தொண்டை வரைக்கும் என்னென்னவோ வந்தது.

"தன்னே நே, முதலாளி" என்றேன். தெரியாது.

அவர் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு தேங்காயைத் தட்டிப் பார்த்து, நல்லதை என் பையில் போட்டார்.