வெறும் துவக்கு

கனடாவின் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பஸ்ரியனின் வேலையில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. கடைசிப் பிள்ளை இறங்கியதும் பின் இருக்கை வரை நடந்து, யாராவது தூங்கிக் கிடக்கிறார்களா என்று குனிந்து பார்த்த பிறகுதான் பஸ்ஸைப் பூட்டுவார். முயல் வேட்டையிலும் அப்படித்தான். காட்டுக்குள் கால் வைத்த பிறகே துவக்கில் தோட்டா ஏற்றுவார். தன் வான் வண்டிக்குக் கிட்ட வருமுன் இறக்கிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை மனைவியின் தம்பி கஸ்பரும் கூட வந்திருந்தான். வேட்டை லைசன்ஸ் எடுத்த முதல் வருஷம். மழை பிடித்துக்கொள்ள, ஓடிவந்து துவக்குகளை வானின் பின்பக்கம் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஸ்ரௌவ்வில் ஊர்ப்பக்கம் திரும்பும்போதுதான் பஸ்ரியனுக்குச் சுருக்கென்றது.

"தோட்டா எல்லாம் கழட்டிப்போட்டியோ?"

"வெறும் துவக்குத்தான் அத்தான். சுடுற இடத்திலை ஒண்டும் இல்லை. தோட்டா நிரப்பிவைக்கிற கீழ்க்குழாயிலை மட்டும் ரெண்டு கிடக்கு."

"அதுவும் லோட் எண்டுதான்ரா சட்டம். வாகனத்துக்கை வைக்கேலாது."

"மைக்ரோவேவ் போடவும் நீங்கள் புத்தகம் பாப்பியள் எண்டு அக்கா சொல்லுறவ, சரியாத்தான் கிடக்கு."

பஸ்ரியன் ஓரங்கட்ட இடம் தேடினார். வளைவு திரும்பியதும் வனவிலங்கு அதிகாரியின் வாகனம் நின்றது. மழைக்கோட்டுப் போட்ட பெண் அதிகாரி கை காட்டினார்.

"இல்லை எண்டு சொல்லுங்கோ," என்றான் கஸ்பர். குரலில் பகிடி போய்விட்டது.

சண்டைக் காலத்து ஊர்ச் சென்றிகளில், சோதனைக்கு மறிக்கும் ஆமிக்காரன் கேட்டு முடிக்குமுன்னே 'இல்லை சேர்' என்று சொல்லிப் பழகிய நாக்கு பஸ்ரியனுடையது. வழக்கு வந்தால் பஸ் கம்பனி வேலையில் வைத்திருக்குமா?

துவக்கு இருக்கிறதா, தோட்டா ஏற்றியிருக்கிறதா என்று அதிகாரி கேட்டார்.

"நோ," என்றார் பஸ்ரியன். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், "மன்னிக்கவேணும், இருக்கிறது. ஒன்றில் தோட்டாவும் கிடக்கிறது," என்று ஆங்கிலத்தில் திருத்தினார்.

அதிகாரி துவக்கை எடுத்துத் தோட்டாக்களைக் கழற்றினார். அது தன்னுடையது என்று கஸ்பர் ஒத்துக்கொள்ள, அவனுக்கு அபராத ரிக்கற் எழுதினார். பஸ்ரியனின் லைசன்ஸை வாங்கிக்கொண்டுபோய் நெடுநேரம் தன் வாகனத்துக்குள் இருந்தார். திரும்பி வந்து, எச்சரிக்கையோடு விடுவதாகச் சொன்னார்.

வான் கிளம்பிய பிறகு கஸ்பர் மூச்சு விட்டான். "பாத்தியளே, உங்களுக்கு ஒண்டும் இல்லை."

"திங்கள் கம்பனியிலை நானே சொல்லப்போறன்."

"விசரே அத்தான்? ஆரும் கேக்கேல்லையே."

"கேட்டா என்ரை வாய் முதல் என்ன சொல்லும் எண்டு பாத்தனிதானே."

திங்கட்கிழமை அங்கே என்ன சொல்வார்களோ என்ற யோசனையிலேயே பஸ்ரியன் மழைக்குள் மெதுவாக ஓட்டினார்.