இரண்டாவது மெஷினுக்கு ஒரு நாள் ஓய்வு

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தச் சில வருடங்கள், காரைக்காலில் மீனவர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திய தொலைபேசி உதவி மையத்தில் வேலை பார்த்தேன். கடலில் எஞ்சின் நின்றுவிட்டால், படகில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், கரையிலிருந்து எங்கள் எண்ணுக்குப் போன் வரும். எங்கள் ஆபரேட்டர் மீட்புப் படகுக்காரருக்கோ ஆஸ்பத்திரிக்கோ பேசி இணைத்துவிடுவார். "நான் அப்பவே சொன்னேன்", "நீங்க சொல்லவே இல்ல" என்ற சண்டை வாரம் ஒன்று வர ஆரம்பித்ததும், போனில் பேசுவதையெல்லாம் பதிவு செய்துவிடலாம் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. அந்தப் பதிவு மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்தவன் நான்.

வந்தவன் ஒரு மெஷினோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு கேட்டேன். ஒரே போன் கம்பியிலிருந்து இரண்டு கம்ப்யூட்டருக்கும் இணைப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். ஒன்று படுத்துக்கொண்டால் மற்றதில் எல்லாம் இருக்கும். தனித்தனி பிளக், தனித்தனி யூபிஎஸ், அறையின் இரு மூலைகளில் இரண்டு மேஜை. ஒரே பிளக்கில் இரண்டையும் சொருகிவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்பவர்களை நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேன் என்பதைக் குழுவுக்கு அரை மணி நேரம் வாய் கிழிய விளக்கினேன். பாதிப் பேர் என் பேச்சுக்கும் மீதிப் பேர் வந்திருந்த போண்டாவுக்கும் தலையாட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

மேனேஜர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அவர் அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் இரண்டு பிரதி எடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"முதல் மெஷின் ஓடுறப்ப ரெண்டாவது என்னங்க பண்ணும்?"

"அதுவும் ஓடும் சார்."

"முதல்ல இருக்கறதையே பதிவு பண்ணும்?"

"ஆமா சார்."

"அப்ப அது புதுசா ஒண்ணும் பண்ணாது."

"பண்ணாது சார். ஆனா இருக்கணும்."

கார்பன் காப்பி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கையெழுத்துப் போட்டார். ஆபரேட்டருக்குத்தான் கடைசி வரை சமாதானமாகவில்லை. கோட்டுச்சேரியிலிருந்து காலை பஸ்ஸில் வரும் பெண்மணி அவர். எவ்வளவு கோபமாகப் பேசுகிறவரையும் "இருங்கண்ணே, மூச்ச விட்டுட்டுச் சொல்லுங்க" என்று இரண்டே வாக்கியத்தில் அடக்கிவிடுவார். அவர்தான் இரண்டாவது மெஷினுக்கு வீட்டோட மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது. "கரண்ட் சாப்பிடுது, ஃபேன் காத்து வாங்குது, கேட்டா இருக்கணும்ங்கறாரு சாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் ஒவ்வொரு முறையும் கடுப்பாகி, அது சும்மா இருக்கவில்லை என்று முதலிலிருந்து விளக்குவேன். அவருக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

அவர் மூன்று வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தார். அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகக் குழு சொல்லியிருந்தது. அந்த மாதத்தில்தான் ஆயுத பூஜையும் வந்தது.

எங்கள் மையத்திலும் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுப்பது வழக்கம். டைப்ரைட்டர், ஸ்டேப்ளர், மேனேஜரின் குடை வரைக்கும் வரிசையாகப் பூஜையில் உட்காரும். போன் மட்டும் ஓய்வெடுக்க முடியாது. கடலில் எஞ்சின் நாள் பார்த்தா நிற்கிறது? அதனால் ஆபரேட்டர் அன்றும் வருவார். நான் லீவு போட்டுவிட்டுப் போலகத்தில் வீட்டில் இருந்தேன். ஸ்கூட்டரைத் துடைத்துப் பொட்டு வைத்து, சுண்டல் தின்றுகொண்டு, மிகவும் மன நிறைவோடு இருந்தேன்.

மறுநாள் காலை மையத்துக்குள் நுழைந்தால் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒரு படகுக்காரர் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பூஜை அன்று காலை அவருடைய ஃபைபர் படகு கடலில் நின்றுவிட்டது. பத்தரை மணிக்குக் கரையிலிருந்து இங்கே போன் செய்தாராம். "இன்னைக்கிப் பூஜைங்க, நாளைக்குப் பேசுங்கன்னுச்சு இந்தம்மா" என்றார். உள்ளே இருந்த அவர் தம்பிகள் இருவரும் வெயிலில் பகலெல்லாம் மிதந்து, சாயங்காலம் வேறொரு படகு கட்டி இழுத்து வந்ததில் கரை சேர்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபத்துக்கு ஒரு பகல் மிதந்தது போதாதா?

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க" என்றார் ஆபரேட்டர். "லைன்ல இருங்க, மீட்புப் படகுக்குக் குடுக்கறேன்னேன். அதுக்குள்ள கட்டாயிடுச்சு. திரும்பக் கூப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், கூப்பிடல." எங்கள் போனில் கூப்பிடுகிறவர் எண் தெரியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

மேனேஜர் பெருமையாக என்னைக் காட்டினார். "சண்டையே வேணாங்க. எல்லாம் பதிவாயிருக்கும். நம்ம தம்பி ரெண்டு மெஷின் வச்சிருக்காரு."

நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் மெஷினிடம் போனேன். அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை, எல்லாவற்றுக்கும் மேலே கரை போட்ட ஒரு புதுத் துண்டு, கோயிலில் பரிவட்டம் கட்டுவது மாதிரி. காற்றுப் போகும் துளை அத்தனையும் அதற்குள். பூஜை அன்று காலை ஒன்பதே முக்காலுக்குச் சூடு தாங்காமல் அது நின்றுபோயிருந்தது. பரவாயில்லை, இதற்குத்தானே இரண்டாவது என்று அந்த மூலைக்கு நடந்தேன். நடக்கும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்தது. ஒரு வருடமாக என்னைக் கிண்டல் செய்தவர்களுக்கு முன்னால் என் வீட்டோட மாப்பிள்ளை எழுந்து நிற்கப்போகிறான்.

சுவிட்ச் அணைத்திருந்தது. 

"இத யாரு நிறுத்தினது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்" என்றார் ஆபரேட்டர். சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார்.

நான் பொரிந்து தள்ளினேன். "என்னங்க இது? ரெண்டாவது எதுக்குன்னு நூறு தடவ சொல்லியிருக்கேன்ல? வெளையாட்டாப் போச்சா ஒங்களுக்கு?" படகுக்காரர், அவரோடு வந்தவர்கள், வாட்ச்மேன், அத்தனை பேருக்கும் முன்னால் குழுவில் பேசிய அரை மணிப் பேச்சைச் சுருக்கி மறுபடி பேசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வழக்கமாக வரும் கிண்டல் வரவில்லை. உறைத்துவிட்டது என்று நான் திருப்திப்பட்டேன்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் குழுவுக்கு எழுத உட்கார்ந்தார். தவறாகப் பதில் சொன்னதாகப் புகார், அதோடு பதிவு மெஷினை அவரே நிறுத்தியதாக ஒப்புதல், ஆகவே சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, வேலை நிரந்தரத்தை நிறுத்தி வைக்கலாம். இதுதான் சாரம். ஆபரேட்டர் தன் நாற்காலியில் உட்கார்ந்து வந்த போனுக்கெல்லாம் எப்போதும் போலவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் கம்மியிருந்தது.

"எத்தன மணிக்கு நிறுத்துனாங்கன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி, அதையும் எழுதிடறேன்" என்றார் மேனேஜர்.

இரண்டாவது மெஷினைப் போட்டுக் கடைசிப் பதிவைத் திறந்தேன். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலத்தது. ஹெட்போனை மாட்டினேன். யாரோ ஓர் அம்மா, படகெல்லாம் வந்துவிட்டதா என்று கேட்கிறார். "ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்கிறார் ஆபரேட்டர். போனைக் கையில் பிடித்தபடியே வேறு யாரிடமோ பேசுகிறார்.

"சார், பூஜைக்கு மெஷினெல்லாம் நிறுத்தணும்ங்கறாரு மேனேஜர். இது ரெண்டையும் என்ன பண்றதுங்க?"

வாயில் எதையோ மென்றுகொண்டு ஒரு ஆண் குரல் பதில் சொல்கிறது. "மொதலாவத விட்டுடுங்க. ரெண்டாவத நிறுத்திருங்க. அது சும்மாதான ஒக்காந்திருக்கு." பிறகு ஒரு சிரிப்பு.

குரலும் சிரிப்பும் என்னுடையவை.

சத்தியமாக எனக்கு அது மறந்தே போயிருந்தது. லீவுக்குக் கிளம்பும் அவசரத்தில், வடையை வாயில் அடக்கிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியைத் தேடியபடி சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன், வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்ற நப்பாசையில். அதே ஆள்தான், அதே வடைதான். காது மடலெல்லாம் சுட்டது. அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

அந்த இரண்டு மெஷினையும் திறக்கத் தெரிந்தவன் மையத்தில் நான் ஒருவன்தான். இதில் ஒரு பொத்தான், அதில் ஒரு பொத்தான் தட்டினால் அந்தப் பதிவு போய்விடும், கேட்பதற்கு ஆள் கிடையாது. விரல் அந்தப் பொத்தான் மேலேயே ஒரு காபி ஆறும் நேரம் இருந்தது. அந்தப் பக்கத்து மூலையிலிருந்து, "பயப்படாதீங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்" என்று கம்மிய குரலில் அவர் யாருக்கோ சொல்வது கேட்டது. நான் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டு, "சார், கொஞ்சம் வாங்க" என்றேன்.

மேனேஜர் முழுவதும் கேட்டார். "இன்னொரு வாட்டி போடுங்க" என்றார். போட்டேன். அறையில் என் சிரிப்பு இரண்டாவது தடவையும் கேட்டது.  அவர் முதல் மெஷினிடம் போய் அந்தத் துண்டை எடுத்து மடித்தார்.

"துண்டு என்னுதுதான்" என்றார்.

எழுதியதைக் கிழித்தார். இரண்டு பிரதியையும்தான். இரண்டு நாள் கழித்துப் படகுக்காரரே வந்து, லைன் கட்டானதும் வைத்துவிட்டார்கள், பூஜை நாளில் இனி யார் எடுப்பார்கள் என்று தானாக நினைத்துக்கொண்டு, கோபத்தில் மீதியைச் சேர்த்துப் பேசிவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஒரு பை இறாலும் கொடுத்தார். எனக்கு மெமோ வந்தது. எனக்கு நியாயமாகவே பட்டது.

மாதக் கடைசியில் ஆபரேட்டருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டு வந்தவர், என்னிடம் வந்தபோது நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஏங்க, நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? அத்தன பேர் முன்னாடி திட்டுனப்பக்கூட ஏன் சும்மா இருந்தீங்க?"

"சொல்லலாம்னுதான் சார் வாயத் தொறந்தேன். நீங்க போட்ட சத்தத்துல, நான் எப்ப சொன்னேன்னு கேட்டுட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். அதுக்கப்பறம் நான் எதச் சொன்னாலும் யாரு நம்புவா?" என்றார். பிறகு சிரித்தார். "ஆனா நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. கேட்டதும் ஒடனே வந்து போட்டுக் காட்டிட்டீங்களே."

லட்டை வாங்கிக்கொண்டேன். ஒரு காபி ஆறும் நேரத்தைப் பற்றி நான் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.